தூதரின் டைரியும் எத்திராஜின் புளியும்

போன மாதம் எங்கள் பழைய ஃபேக்டரியிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க மணவாள நகருக்கு வந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள். ஒருத்தி செல்போனை எடுத்து அதன் முன்னால் நாலு வரி பேசினாள். பேசியது பேசியபடி திரையில் எழுத்தாக வந்து நின்றது. சுருக்கெழுத்தும் வேண்டாம், டைப்பும் வேண்டாம், நீங்கள்தான் அந்தக் காலத்தில் வீணாகக் கஷ்டப்பட்டீர்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நானும் வாங்கிப் பேசிப் பார்த்தேன். நன்றாகத்தான் அடிக்கிறது. நடுவில் நான் அவளைப் பார்த்து, "அடியே, காபி ஆறுது, குடி" என்று சொன்னதையும் சேர்த்து அடித்து வைத்திருந்தது. எதை அடிக்கக் கூடாது என்பது அதற்குத் தெரியவில்லை. ஸ்டெனோ வேலையில் பாதி அதுதான் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. ஆண்டு மலரில் போடுகிறோம், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதனால் வந்தது இது.

நான் தொழில் கற்றதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருவள்ளூர் ரயிலடிப் பக்கம் ஒரு மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் டைப்பில் லோயர், ஹையர், பிறகு சுருக்கெழுத்து. டைப்பிஸ்டுக்குக் கை உண்டு, காது உண்டு, வாய் கிடையாது என்று எங்கள் மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். வீட்டில் என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரும், இவள் ஒரு மாதம் தாங்க மாட்டாள் என்றார்கள். தாங்கினேன். அறுபதுகளின் கடைசியில் கோர்ட் வாசலில் உட்கார்ந்து மனுவும் பத்திரமும் அடித்தேன். பிறகு கும்மிடிப்பூண்டியில், ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் இரும்புச் சாமான் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. வார நாட்களில் கும்மிடிப்பூண்டியில் அத்தை வீடு. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி மணவாள நகர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யா வீடு.

அய்யா என்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் பெருமாளைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் படித்து, வெளியுறவு உத்தியோகத்தில் சேர்ந்து, பல தேசம் சுற்றி, தூதராக ஓய்வு பெற்று, பிறந்த தெருவுக்கே திரும்பி வந்திருந்தார். கொண்டுவந்த சாமான் நாலைந்து டிரங்குப் பெட்டி. அதில் ஒன்று முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்பு டைரிகள்.

அறுபதுகளில் நடந்த போரின்போது அவர் ஒரு குளிர் தேசத்தில் நம் தூதர். அந்தத் தேசம் நம் பக்கமும் இல்லை, எதிரி பக்கமும் இல்லை. அது எந்தத் தேசம் என்று அவர் புத்தகத்திலும் சொல்லப் போவதில்லை என்றார். நடுநிலை நாட்டைப் பெயர் சொல்லி இழுத்தால் அது நடுநிலைக்குப் பங்கமாம். போரின்போது எழுதிய டைரியைப் புத்தகமாக்க வேண்டும், அதற்குத்தான் நான்.

அவர் வேலை செய்யும் விதம் தனி. உட்கார்ந்து டிக்டேட் செய்ய மாட்டார். டைரியைக் கையில் விரித்துக்கொண்டு நடப்பார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லுவார், ஜன்னல்வரை போவார், திரும்பி வரும்போது சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்வார். டைரியில் "எனக்குக் கோபம் வந்தது" என்று இருக்கும். முதலில் அப்படியே சொல்லுவார். ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்து, "நான் சற்று வியப்படைந்தேன்" என்று மாற்றுவார். இன்னொரு நடை நடந்தால், "வியப்புக்கு இடமிருந்தது" என்று ஆகிவிடும். மூன்றாவது வாக்கியத்தில் கோபமும் இருக்காது, அய்யாவும் இருக்க மாட்டார்.

எதையும் மூன்று பிரதி எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். முதல் பிரதி நமக்கு, இரண்டாவது மேலிடத்துக்கு, மூன்றாவது சரித்திரத்துக்கு. ரப்பர் போட்டு அழித்த பக்கம் அவர் கண்ணில் படக் கூடாது. ஒரு எழுத்து தவறினாலும் முழுப் பக்கமும் மறுபடி. கார்பனை நானே வாங்கிப் போவேன், ஏனென்றால் அவர் வாங்கி வைத்திருந்த வெளிநாட்டுக் கார்பன் அவரைப் போலவே, எதையும் அழுத்தமாகப் பதியாது.

ஆனால் டைரி ருசியாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எதிரி நாட்டுத் தூதரும் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். யாராவது விருந்து வைத்தால் இரண்டு பேரையும் அழைத்தாக வேண்டும். ஆனால் இரண்டு பேரும் கை குலுக்கக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை என்பதும் அப்பட்டமாகத் தெரியக் கூடாது. இதற்காகவே அந்தத் தேசத்து அதிகாரி ஒருவர் கையில் தட்டோடு இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பாராம். ஒரு நாள் அந்த ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு தூதர்களும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். நாலு மாடியும் கதவையே பார்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கீழே வந்ததும் எதிரித் தூதர் முதலில் வெளியே போய், கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டார். அதற்கு நன்றி சொல்லியிருக்கலாமா என்று அய்யா ஒன்றரைப் பக்கம் யோசித்து எழுதியிருந்தார். நான் அடித்து முடிக்கும்வரை அவர் நன்றி சொன்னபாடில்லை.

அந்த டைரியில் எனக்குப் புரியாத குறிப்பு ஒன்று அடிக்கடி வந்தது. "எ. இன்று கடைக்குப் போனான். புளி கிடைத்தது." அல்லது, "எ. போனான். புளி இல்லை." தேசங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இவர் புளிக்கு என்ன கணக்கு எழுதுகிறார் என்று தோன்றும். இதை அடிக்க வேண்டாம், இது வீட்டுக் குறிப்பு என்பார். எனக்குத்தான் வாய் கிடையாதே. சரி என்று விட்டுவிடுவேன்.

இப்போது எத்திராஜ்.

எங்கள் ஃபேக்டரி கேன்டீனில் சமையல் அவர்தான். நாற்பது வயது இருக்கும். ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமம், அதனால் பாதிப் பேச்சு தெலுங்கு கலந்து வரும். அவர் வைக்கும் ரசத்துக்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டில் சமையல் செய்தவர் என்று சொல்லுவார்கள். எந்த ஊர், என்ன வேலை என்று யார் கேட்டாலும், "அத்த உடுங்க, சாதம் போட்டுக்கோங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். கர்வம் பிடித்தவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் தற்காலிகமாக இருந்த சிலரை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாரித்தார்கள். ராணுவத்துக்குச் சாமான் போகும் இடமாதலால் ஒவ்வொருவருக்கும் போலீஸ் விசாரணை உண்டு. பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் டிக்டேட் செய்தார். எத்திராஜுக்கு. அவர் நம் தூதரகம் ஒன்றில் சமையல்காரராக இருந்தபோது, போர் நடந்த சமயத்தில், எதிரி நாட்டு ஆட்களோடு தொடர்பு வைத்திருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர் என்று விசாரணையில் தெரிகிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை.

ஊரின் பெயரும் அந்தக் கடிதத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அய்யாவின் டைரி அட்டையில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே ஊர். எ. யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மத்தியானம் கேன்டீனில் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். கடிதம் வந்ததா அண்ணா, என்ன பதில் எழுதப் போகிறீர்கள் என்றேன். கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எழுதறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அத பத்தி நான் பேசக் கூடாது."

"பேசலன்னா வேலை போயிடும் அண்ணா."

"போனா இன்னா பண்றது. வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

அவ்வளவுதான். மனிதர் கல்லாக நின்றார். எனக்குக் கோபம் வந்தது. வியப்புக்கு இடமிருந்தது என்று இல்லை, நிஜமாகவே கோபம்.

ஞாயிற்றுக்கிழமை அய்யா டைரியை விரித்து நடக்க ஆரம்பித்ததும் நான் பென்சிலைக் கீழே வைத்தேன். பத்து மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

"அய்யா, எ.ன்னா எத்திராஜுங்களா?"

ஜன்னல்வரை போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயே நின்று, யார் சொன்னது என்றார். ஃபேக்டரி விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்ற விதியை மீறி, கடிதத்தை அப்படியே ஒப்பித்தேன். கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு நடந்ததைச் சொன்னார், திருத்தம் இல்லாமல். அந்தக் குளிர் ஊரில் புளியும் மிளகாய்த் தூளும் விற்கும் கடை ஒன்றே ஒன்றுதான். இவருக்குச் சமைக்க ஊரிலிருந்து கூட்டிப்போன எத்திராஜும், எதிரித் தூதர் வீட்டுச் சமையல்காரரும் அந்தக் கடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். எத்திராஜுக்குத் தெரிந்த உருது மொத்தம் நாஷ்டாவும் பேஜாரும்தான். குளிர் தேசத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு சமையல்காரர்கள் சிநேகமாவதற்கு அந்த இரண்டு வார்த்தையே போதுமானதாக இருந்தது. புளி குறைவாக வந்தால் இரண்டு பேரும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்வார்களாம்.

போர் தொடங்கியபோது நம் சரக்குக் கப்பல் ஒன்று எதிரித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. மாலுமிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று குடும்பங்களுக்குத் தெரியவில்லை. நடுநிலை நாட்டு மந்திரி அலுவலகம் வழியாக அய்யா பெயர்ப் பட்டியல் கேட்டார். அவர்கள் பரிசீலித்தார்கள். வாரக்கணக்காகப் பரிசீலித்தார்கள். ஒரு நாள் காலையில் அய்யா எத்திராஜைக் கூப்பிட்டு, உன் சிநேகிதனிடம் சொல்லி அவன் எஜமானிடம் கேட்கச் சொல் என்று அனுப்பினார். நாலாம் நாள் புளிப் பொட்டலத்துக்குள் ஒரு காகிதம் வந்தது. அத்தனை மாலுமிகளின் பெயரும் அதில் இருந்தது. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

"நம்பகமான வட்டாரத்தில் தெரிந்தது" என்று அய்யா தந்தி கொடுத்தார். மேலிடம் பாராட்டியது. மாலுமிகளின் வீடுகளில் அன்றைக்கு அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்றார். ஆனால் இரண்டு சமையல்காரர்களும் கடை வாசலில் பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்து எழுதிப் போட்டுவிட்டார்கள். உங்களுக்குத் தெரியுமா என்று மேலிடம் கேட்டது. தூதருக்குத் தெரியாது என்று அய்யா பதில் எழுதினார். ஒரு வாரத்தில் எத்திராஜை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

ஏன் அய்யா அப்படி எழுதினீர்கள் என்றேன். உண்மை வெளிவந்தால் பட்டியல் கொடுத்த அந்த எதிரித் தூதரை அவர் நாட்டில் உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள் என்றார். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது, பேப்பரில் பார்த்தேன் என்றும் சொன்னார். பிறகு, "அது பாதிக் காரணம்" என்றார். மற்றப் பாதியை அன்றைக்குச் சொல்லவில்லை.

எத்திராஜுக்கு ஒரு சான்றுக் கடிதம் தருகிறேன் என்று அப்போதே ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. முதல் பிரதியில், "எத்திராஜ் நேர்மையானவர், அவர் மேல் தவறில்லை" என்று இருந்தது. தவறில்லை என்றால் பிறகு யார் மேல் தவறு என்று கேட்பார்கள் என்று அதை மாற்றினார். ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் ஏழு பிரதி ஆயிற்று. ஏழாவது இப்படி வந்து நின்றது: "கீழே கையொப்பமிட்டிருப்பவர் அறிந்த வரையில், மேற்படி நபர் தாயகம் திரும்ப நேர்ந்த சூழ்நிலைகள், அவை குறித்து அக்காலத்தில் கொள்ளப்பட்ட கருத்து எதுவாயினும், அவருடைய நடத்தை பற்றிப் பாதகமான முடிவுக்கு வருவதை அவசியமாக்குவன அல்ல." மூன்று தடவை படித்துப் பார்த்து, பரம திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். எனக்கு அது புரியவில்லை, பெரியவர்கள் எழுதினால் இப்படித்தான் இருக்கும் போல என்று எடுத்துக்கொண்டு போனேன். நானும் தலையாட்டிவிட்டுப் போனேன் என்பதை மறைக்கக் கூடாது.

பர்சனல் ஆபீசர் கெட்டவர் இல்லை. சென்னைக்காரர், நேராகப் பேசுவார். செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் படித்தார்.

"இன்னாம்மா இது. இவரு ஆளை நல்லவன்றாரா, கெட்டவன்றாரா?"

நல்லவர் என்கிறார் சார் என்றேன்.

"அத சொல்றதுக்கு ஒரு தூதர் இவ்ளோ கஷ்டப்படறாருன்னா, உள்ள இன்னாமோ கீது. எனக்கு இப்பதான் பயமா கீது."

சும்மா இருந்திருந்தால்கூட எத்திராஜுக்கு ஒரு வழி பிறந்திருக்கும். இந்தக் கடிதம் வந்த பிறகு அவர் மேல் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. சாயங்காலமே வேலைநீக்கக் கடிதத்தைத் தயார் செய்து வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை தேதி போட்டு அதையும் நான்தான் அடித்தேன்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தேன். பர்சனல் ஆபீசர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அய்யாவிடம் ஒப்பித்தேன். அவருக்கு மனசு புண்பட்டுவிட்டது. அதுவும் எத்திராஜுக்காக இல்லை, வாக்கியத்துக்காக.

"நன்னாத்தானே எழுதியிருந்தேன்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சிங்க. நாளைக்கு அவருக்கு வேலை போவுது."

என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். உள்ளே போய், அந்த வருஷத்துக் கறுப்பு டைரியை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

தூதர் பஸ்ஸில் போனதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கோட்டுப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெங்கலில் ஏறிய ஒரு அம்மாள், "சாமி, இத்த கொஞ்சம் புடிச்சிக்கோ" என்று கீரைக் கூடையை அவர் மடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டாள். பெரியபாளையம்வரை கூடை அவர் மடியில்தான் இருந்தது. கூடை இறங்கிய பிறகு, கோட்டில் ஒட்டிய தண்டைத் தட்டிவிட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"மத்தப் பாதி இதுதான், சரோஜா. அடுத்த போஸ்டிங் பெரிய தேசத்துக்கு வர இருந்தது. வந்தது."

டிக்கெட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பர்சனல் ஆபீசர் அறையில் அய்யா உட்காரவில்லை. டைரியில் இரண்டு பக்கங்களை விரித்து அவர் முன்னால் வைத்தார். எத்திராஜை நான்தான் அனுப்பினேன், கேட்டபோது தெரியாது என்று எழுதினேன் என்றார். பர்சனல் ஆபீசர் படித்துவிட்டு, இதையே எழுதித் தர முடியுமா சார் என்றார். அய்யா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அங்கேயே ஒரு காகிதம் வாங்கி, தன் கையால் தமிழில் எழுதினார். மூன்று வரி. ஒரே பிரதி.

"சார், இது போலீஸ் ஃபைலுக்குப் போவும். உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார் பர்சனல் ஆபீசர்.

"போகட்டும்" என்றார் அய்யா.

நான் செவ்வாய்க்கிழமை அடித்த வேலைநீக்கக் கடிதத்தைப் பர்சனல் ஆபீசர் மேஜையிலிருந்து எடுத்து என் கையிலேயே கொடுத்தார். கிழித்துப் போட்டுவிடும்மா என்றார். நான் அடித்த காகிதங்களிலேயே நான் ஆசையோடு கிழித்தது அது ஒன்றுதான். புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டைரியின் அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து, பிறகு முறைப்படி அனுமதிக்கு அனுப்பினார். சரி என்றும் பதில் வரவில்லை, கூடாது என்றும் வரவில்லை. மேலிடமும் நடுநிலை வகித்துவிட்டது.

அந்த அறைக்கே எத்திராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தவர், அய்யாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அய்யாதான் ஆரம்பித்தார்.

"எத்திராஜ், இவர்கிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே நீ சொல்லலாம்."

"சொல்லலாங்களா அய்யா?" என்றார் எத்திராஜ். நிஜமாகவே அனுமதி கேட்கும் குரல். "ஏரோப்ளேன் ஏத்தறப்போ, கொஞ்ச நாளைக்கு யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க. அந்தக் கொஞ்ச நாள் முடிஞ்சிச்சா இல்லியான்னு நீங்க சொல்லவே இல்லீங்க. நானும் வாய மூடிக்கினு கீறேன்."

பத்து வருஷம். அய்யா பேச்சுவாக்கில் சொன்ன கொஞ்ச நாளை இந்த மனிதர் பத்து வருஷமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

"வீட்லகூடவா சொல்லலே?"

"ஊட்லதாங்க மொதல்ல சொல்லக் கூடாதுன்னீங்க." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் அங்க வெள்ளி சாமான் திருடிட்டேன்னு ஊரே பேசிச்சி. என் பொண்டாட்டியும் அப்டித்தான் நெனச்சிக்கினு கீது. அவங்க அண்ணன் ஒரு கல்யாணத்துல, இந்தத் திருட்டுப் பய கூட நான் பந்தியில உக்கார மாட்டேன்னு எழுந்துட்டாரு. அதுலேர்ந்து போக்குவரத்து இல்ல. வேலை இருந்தா இருக்கட்டும், போனா போவட்டும். நீங்க ஒரு தபா ஊட்டுக்கு வந்து சொல்லுங்கய்யா. நான் சொன்னா இப்போ யாரு நம்புவாங்க."

அன்று சாயங்காலம் மூவரும் ஆரம்பாக்கம் பஸ் ஏறி, அங்கிருந்து வயல்வரப்பு வழியாக நடந்தோம்.

எத்திராஜின் மனைவி முனியம்மா. அய்யா நடுவீட்டில் நின்று, போர், தூதரகம், கப்பல், நடுநிலை நாட்டின் தயக்கம், அன்றைய சூழ்நிலை என்று வரிசையாக விளக்கினார். பழக்கம் எங்கே போகும். முனியம்மா நின்றபடியே கடைசிவரை கேட்டாள். அப்போது இவர் திருடவில்லையா என்று கேட்டாள். இல்லையம்மா என்றார். குடித்துவிட்டு ஏதாவது தப்பு செய்தாரா என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றார். அவள் புருஷன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அய்யா பக்கம் திரும்பினாள்.

"பத்து வருசத்துல ஒரு கார்டு போட்டிருக்கலாமே சாமி."

அந்த வீட்டு மூலையிலும் ஒரு ஜன்னல் இருந்தது, அய்யா அதை ஒரு தடவை பார்த்தார். போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

"போட்டிருக்கலாம்மா" என்றார்.

முனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், முதல் சொம்பு எத்திராஜுக்கு. என்னைப் பெற்ற நைனா சாகிறவரைக்கும் இவர் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, அவரிடம் இனி சொல்ல முடியாது, இருக்கிறவர்களிடமாவது வந்து சொல்லுங்கள் என்றாள். எங்களுக்கு முன்னால் அவளே தெருவில் இறங்கி நடந்தாள்.

முதலில் அவள் சின்னம்மா வீடு. அங்கே அய்யா போரையும் நடுநிலையையும் விட்டுவிட்டார். கப்பலில் இருந்தவர்கள் உயிரோடு இருப்பது இவரால்தான் தெரிந்தது, அனுப்பியது நான், பழி இவர்மேல் விழவிட்டுவிட்டேன் என்று மூன்றே வாக்கியம். கிழவி காது கொடுத்துக் கேட்டு, நல்லா இரு என்று எத்திராஜின் கன்னத்தைத் தடவினாள். எந்த ஜன்னலும் இல்லாமல் அய்யா தானாகவே வாக்கியத்தைச் சுருக்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு நோட்டும் பென்சிலும் கையிலேயே இருந்தன, எழுதத் தோன்றவில்லை.

கடைசியாக அண்ணன் கன்னியப்பன் வீடு. நெல் அறுத்துக் கட்டிவிட்டு அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். முனியம்மா வாசலில் நின்று, அண்ணா, இவர் சொல்வதைக் கேள் என்றாள். எத்திராஜ் எங்களோடு வரவில்லை. தெருவிலேயே, எதிர் வீட்டு வேலி ஓரமாக நின்றுகொண்டார்.

கன்னியப்பன் ஈரக் காலோடு வந்து, கோட்டுப் போட்ட ஆளை மேலும் கீழும் பார்த்தார். யாருங்க, இன்னா வேணும் என்றார். அய்யா கோட்டுப் பையில் வைத்திருந்த டைரியை எடுக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்பு என்னுது. எத்திராஜ் திருடல."

கன்னியப்பன் தங்கையைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு அவர் அய்யாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. எங்கள் எல்லாரையும் தாண்டி, வேலி ஓரத்தில் நின்ற மனிதரை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள" என்று கூப்பிட்டார். "இன்னா, தெருவுலயே நின்னுக்கினு கீற. உள்ள வா."

எத்திராஜ் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.